பத்து வந்தால் ராமேஸ்வரம்

காலையில் பழைய இரும்பு வாங்குகிறவர் வந்திருந்தார். சேலத்துப் பக்கத்துக்காரர். காம்பவுண்டுக்குள் கிடக்கும் உங்கள் சக்கர வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். நசுங்கிய முகப்பைத் தட்டினார், பிக்கப்போடு மாட்டுகிற கொக்கி வளைந்து கிடந்ததை ஆட்டிப் பார்த்தார். கடைசியில் அவர் வாயிலிருந்தும் அந்தக் கேள்வி வந்தது. "ஏம்மா, இதைக் கட்டி இழுத்தா பிக்கப்பு என்ன மைலேஜ் குடுத்துச்சு?"

செத்த வண்டிக்கும் மைலேஜ் கேட்கிறார்கள். நீங்கள் இருந்திருந்தால் அவரை உட்காரவைத்து, என்னைக் காப்பி போடச் சொல்லி, மத்தியானம் வரை பதில் சொல்லியிருப்பீர்கள். நான் "தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். எனக்கா தெரியாது? கல்யாண நாள் மறந்தாலும் அது எனக்கு மறக்காது.

நான் உங்களிடம் ஆசைப்பட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று. ஹனூரில் என் அம்மா படுக்கையில் கிடந்தபோது, "என்ற பேருல ராமேஸ்வரம் கடல்ல ஒரு முழுக்குப் போட்டுரு கண்ணு" என்றாள். அவள் கடலைப் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. வேலையில் இருந்தவரை உங்களுக்கு லீவு கிடைக்கவில்லை. "ரிட்டயர் ஆகட்டும்" என்றீர்கள். ஆனீர்கள். வேறு யாராக இருந்தாலும் ரயிலுக்கு இரண்டு டிக்கெட் எடுத்திருப்பார்கள். நீங்கள் ஒரு பிக்கப்பை வாங்கி, அதன் பின்னால் கட்டி இழுக்கச் சக்கரம் வைத்த வீடு ஒன்றைச் செய்யக் கொடுத்தீர்கள். உள்ளே கட்டில், கேஸ் அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி. ஜன்னலுக்கு நானே பூப்போட்ட திரை தைத்தேன். "மகாராணி கணக்கா கூட்டிட்டுப் போறேன் பாரு" என்றீர்கள். நானும் நம்பினேன், எனக்கு அப்போது புத்தி அவ்வளவுதான்.

ராமேஸ்வரத்துக்கு முன்னால் ஒரு வெள்ளோட்டம் என்று மாதேஸ்வரன் மலைக்குப் போனோம். வெறும் பிக்கப் லிட்டருக்குப் பதினாலு கொடுத்துக்கொண்டிருந்தது. வீட்டைக் கட்டி இழுத்ததும் ஏழு. மலையில் சாமி கும்பிடும்போதுகூட உங்கள் முகத்தில் எழவு விழுந்த களைதான். திரும்பி வந்தோம். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுச் சொன்னீர்கள். "ஏழுல அவ்வளவு தூரம் போனா கட்டுபடியாகாது புள்ள. பத்து வரட்டும். பத்து வந்த அன்னிக்கே ராமேஸ்வரம்."

அன்றைக்குத் தொடங்கியது வீட்டைக் கலைக்கிற வேலை. முதலில் ஃபிரிட்ஜ் இறங்கியது. அடுத்து தண்ணீர்த் தொட்டி. கட்டில் போய்ப் பாய் வந்தது. திரையைக் கழற்றினபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. "துணிக்கு என்னங்க எடை?" என்றேன். "எடை இல்லாததுன்னு ஒலகத்துல எதுவுமில்ல" என்றீர்கள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பிறகு முகப்பு காற்றைத் தடுக்கிறது என்று கூரையை வெட்டி இறக்கச் சொன்னீர்கள். அதற்கப்புறம் உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. மகாராணி குனிந்துதான் நடந்தாள்.

சித்திரை வெயிலில் ஏசி கிடையாது. சரி, கண்ணாடியை இறக்கலாம் என்றால் அதுவும் கூடாது, காற்று உள்ளே புகுந்து வண்டியைப் பிடித்து இழுக்குமாம். இரண்டு பேரும் அவிந்துபோய் உட்கார்ந்திருப்போம். ஐம்பதைத் தாண்டினால் எண்ணெய் குடிக்கும் என்று நீங்கள் ஊர்ந்த வேகத்தில், நரசிபுரத்துப் பக்கம் கரும்பு ஏற்றிய டிராக்டர்காரன் ஹாரன் அடித்து நம்மை முந்திக்கொண்டு போனான். நான் சிரித்துவிட்டேன். நீங்கள் ஹனூர் வரை என்னோடு பேசவில்லை.

இத்தனை செய்து, மறுபடி மறுபடி மலைக்கு ஓட்டிப் பார்த்தும் ஒன்பதுதான் வந்தது. வீட்டு வண்டியின் பிரேக் சக்கரத்தை லேசாகப் பிடிக்கிறது, அதுதான் டீசலைத் தின்கிறது என்று அதையும் தளர்த்திவிட்டீர்கள். "பிரேக்கெல்லாம் சரியா இருக்குதுங்களா?" என்று கேட்டேன். "ஆமா புள்ள" என்றீர்கள். அதற்குப் பிறகு கழற்ற உள்ளே எதுவும் மிச்சமில்லை. என்னைப் பார்த்தீர்கள்.

அடுத்த தடவை மலைக்குப் போகிற வழியில் ஹனூர் பஸ் ஸ்டாண்டு வாசலில் நிறுத்தினீர்கள். "இங்கிருந்து ஏத்தம். நீ பஸ்ல வந்துரு. உன்ற எடைக்கு அரைப் புள்ளியாச்சும் ஏறும்." நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். என் பிறந்த ஊர் அது. பஸ் ஸ்டாண்டில் கடை வைத்திருக்கும் சித்தி மகன் ஓடி வந்து, "என்னக்கா, மாமன் வண்டி காலியாப் போவுது, நீ பஸ்ஸுக்கு நிக்கற?" என்றான். கால் நீட்டி உட்கார பஸ்தான் வசதி என்றேன். உங்கள் மானத்தைக் காப்பாற்ற நான் சொன்ன பொய்களில் அது ஒன்று. இறக்கத்திலாவது ஏற்றிக்கொள்வீர்கள் என்று நினைத்தேன். "மேல போறப்ப இல்லாத எடை கீழ வர்றப்ப இருந்தா கணக்கு சுத்தமா இருக்காது" என்றீர்கள். அதனால் இறங்குவதற்கும் பஸ்.

அன்று மலையிலிருந்து இறங்க நீங்கள் முன்னால் கிளம்பினீர்கள். கிளம்பும்போது, இன்றைக்கு மலை முழுக்க நியூட்ரலில் இறக்கப் போவதாகச் சொன்னீர்கள். "இறக்கத்துல எதுக்கு வீணா எண்ணெய்?" பாதி மலையில் எங்கள் பஸ் நின்றது. எல்லோரும் இறங்கி எட்டிப் பார்த்தார்கள். ரோட்டுக்குக் குறுக்கே ஒரு வெள்ளைப் பெட்டி சாய்ந்து கிடந்தது. வெட்டிய கூரையை வைத்துத்தான் நம்முடையது என்று கண்டுகொண்டேன். கியரும் இல்லை, பின்னால் பிரேக்கும் இல்லை, பிக்கப்பின் பிரேக் ஒன்றே எல்லாவற்றையும் தாங்கித் தாங்கிச் சூடேறிப் பிடிக்காமல் போயிருக்கிறது. வீடு பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போய் உங்களைப் பாறையில் வைத்துவிட்டது. நான் போனபோது மூச்சு இல்லை. முன்னால் மைலேஜ் மீட்டர் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. பத்து புள்ளி ஒன்று. நான் அதைப் பார்த்துவிட்டுத்தான் உங்கள் முகத்தைப் பார்த்தேன்.

வண்டியைச் சோதிக்க வந்த இன்ஸ்பெக்டர் கன்னடக்காரர் என்றாலும் என்னிடம் தமிழில்தான் பேசினார். நியூட்ரலில் இறக்கினாரா என்று கேட்டார். எண்ணெய் மிச்சம் பிடிக்க, என்றேன். அவர், "இந்தக் காலத்து வண்டியில கியர் போட்டு, காலை எடுத்துட்டு இறக்கினா டீசலே போகாதும்மா. நியூட்ரல்லதான் போகும்" என்றார். இதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? ஒரே ஒரு நிமிஷம் எழுந்து உட்காரமாட்டீர்களா, இதைக் கேட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளுங்கள் என்று இருந்தது.

சாவு வீட்டில் சொந்தக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து உங்களைத் தெய்வமாக்கிவிட்டார்கள். "மாதேஸ்வரன் மனசுல வந்து சொல்லியிருக்கான். அதான் பொண்டாட்டியை பஸ்ல ஏத்திட்டு என்ற தம்பி மட்டும் போயிருக்கான்" என்று உங்கள் அக்கா மாரில் அடித்துக்கொண்டு அழுதார். வந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நான் அரைப் புள்ளிக்காக இறக்கிவிடப்பட்டவள் என்று யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நம்பியிருக்கமாட்டார்கள். அந்த அரைப் புள்ளியால்தான் நான் உயிரோடு இருக்கிறேன். அதற்காக உங்களுக்கு நன்றி சொல்லவேண்டும் என்று தோன்றும், ஆனால் மனசு ஒப்பவில்லை.

அஸ்தியை ராமேஸ்வரத்தில் கரைக்கலாம் என்றான் நம் மகன். "அவ்வளவு தூரமா? எண்ணெய் கட்டுபடியாகாது" என்றேன். அவன் திகைத்துப் பார்த்தான். ஸ்ரீரங்கப்பட்டணம் நம் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. காவிரியில் கரைத்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டோம்.

போன மாசம் அவன் காரில் ராமேஸ்வரம் போய்வந்தேன். திம்பம் மலையில் இறங்கும்போது எஞ்சின் சத்தம் திடீரென்று தணிந்தது. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது, அந்தச் சத்தம் தெரியும்.

"நியூட்ரல்லயா போட்ட?"

"இறக்கத்துல எதுக்கும்மா வீணா எண்ணெய்?"

இன்ஸ்பெக்டர் சொன்னதைச் சொன்னேன். "அதெல்லாம் சும்மா சொல்றதும்மா. அப்பா வண்டிக்குப் பின்னால அவ்வளவு பெரிய பொட்டி இருந்துச்சு, இது வெறும் காரு" என்றான். நிறுத்து, நான் இறங்கிக்கொள்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. இறங்கிப் பிழைத்தது ஒரு தடவை போதும். கியர் மேல் அவன் கையை இழுத்து வைத்து, அதன்மேல் என் கையை வைத்து அழுத்தினேன். அவன் கிளட்சை மிதித்தான், கியர் விழுந்தது. அடிவாரம் வரை கையை எடுக்கவில்லை.

கடல் எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. அம்மா பேரில் ஒரு முழுக்குப் போட்டேன், மகன் பேரில் ஒன்று. உங்கள் பேரில் போடவில்லை.

அவனுக்குக் கோயம்புத்தூரில் வேலை. சனிக்கிழமை வருவான், திங்கட்கிழமை காலையில் அந்த மலையில் தனியாக இறங்குவான். அந்த நேரத்தில் எனக்கு அடுப்படியில் ஒரு வேலையும் ஓடாது. அடிவாரத்தில் பண்ணாரி வந்ததும் போன் பண்ணச் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கும் பண்ணினான்.

"கியர்லதானே இறங்குன?" என்றேன்.

"ஆமாம்மா" என்றான்.

உங்களோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். பொய் சொல்லும்போது உங்கள் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் அதே குரல்தான்.