நான் போட்ட ‘அவள்’

ஒஸ்லோ, 20.11.2004

தம்பி,

அக்காவின் கல்யாண வீடியோவைப் பிரதியெடுக்க, உன் அறையிலிருந்து ஒரு பழைய கசெட்டை எடுத்தேன். மேலே 1992 என்று மட்டும் எழுதியிருந்தது.

அழிக்குமுன் போட்டுப் பார்த்தேன். கையில் காசில்லாமல் எடுத்த படம் போல. மைக்கின் நிழல்கூடச் சுவரில் விழுகிறது. ஒரு பெடியன் குசினியில் வைத்து இன்னொரு பெடியனுக்குத் தலைமயிர் வெட்டுகிறான். வெட்டி முடித்ததும் கழுத்தில் முத்தமிடுகிறான். நிறுத்தப் போனவன், முடியும்வரை பார்த்தேன்.

போன மாதம் நீ பேர்கனிலிருந்து போன் எடுத்து, "அப்பா, எனக்கொரு ஷேரஸ்தெ இருக்கு" என்றாய். நோர்வேக்காரருக்குக் காதலனும் காதலியும் அந்த ஒரே சொல்தான். "அவள் ஆற்றை பிள்ளை? எந்த ஊர்?" என்று கேட்டேன். நீ போனை வைத்துவிட்டாய். வெட்கமாக்கும் என்று நினைத்தேன்.

அந்த ‘அவள்’ நான் போட்டது.

மருமகள் வரப்போகிறாள் என்று மோர்டென்ஸ்ருட்டில் இருக்கும் மாமாவிடம் சொல்லியும் விட்டேன். அம்மா சேலை எடுத்து வைத்திருக்கிறார். அவருக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

"நத்தார் விடுமுறைக்குத் தம்பி தனியவோ வாறான்?" என்று இன்று கேட்டார்.

"இல்லை, அந்தப் பிள்ளையும் வருது" என்றேன்.

அது பொய்யில்லை. கசெட்டையும் அழிக்கவில்லை. கூட்டிக்கொண்டு வா.

அப்பா