சாதாரணக் காயம்

அண்ணே,

இன்று காலை பொந்தியான் கோர்ட்டுத் தாழ்வாரத்தில் ரப்பர் மரத்து ஒட்டுப்பாலின் புளித்த நாற்றம் அடித்தது. விலங்கிட்ட தோட்டத் தொழிலாளி ஒருவன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். காலடியில் சாட்சிப் பொருளாக ஒரு சாக்கு. தோட்டத்து ரப்பரைத் திருடினானாம். வாரண்டு இல்லாமலே பிடித்து இழுத்துவரத் தக்க குற்றம் அது. எனக்கு உங்கள் இடது காதின் நினைவு வந்தது.

தோட்டத்து வெள்ளைக்காரச் சின்ன துரை அந்தக் காதோடு சேர்த்து உங்களை அறைந்த அன்று போலீஸ் நிலையத்தில் சொன்னார்கள்: "கையால அடிச்சதெல்லாம் நாங்க பிடிக்கிற கேசு இல்ல. மாஜிஸ்திரேட்டுகிட்ட போய்ச் சொல்லு." அவர்கள் பொய் சொல்லவில்லை. சட்டம் அப்படித்தான் தரம் பிரித்திருந்தது. சாக்கிலுள்ள ரப்பர் ஒரு வகுப்பு, மனிதனின் கன்னம் அதற்குக் கீழான வகுப்பு. சென்னைச் சட்டக் கல்லூரியில் நான் கற்றுப் பட்டம் வாங்கியது இந்த வகுப்புகளைத்தான்.

ஆனால் ஒரு வழி இருந்தது. செவிப்புலன் நிரந்தரமாகப் போயிருந்தால் அது சாதாரணக் காயமல்ல, கொடுங்காயம். அபராதத்தைக் கட்டிவிட்டுச் சின்ன துரை வீடு திரும்ப முடியாது. சிறைக்குப் போயாக வேண்டும். உங்கள் மனைவி அந்தக் காதருகே தகரத்தைத் தட்டிப் பார்த்து அழுதார். தோட்டத்து டாக்டரோ, குணமாகிவிடக்கூடும் என்று எழுதிக் கொடுத்தார். எனவே மாஜிஸ்திரேட் உங்களையே கேட்டார்: இடது காது கேட்கிறதா?

மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். நீங்கள் துண்டை அக்குளில் இடுக்கிக் குனிந்து, தலையைத் திருப்பி, வலது காதில் அந்தக் கேள்வியை வாங்கிக்கொண்டு சொன்னீர்கள்: "கேக்குதுங்க தொரே. நல்லாக் கேக்குதுங்க."

எழுதிக்கொண்டார்கள். சாதாரணக் காயம். அபராதம். சின்ன துரை மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்.

வெளியே வந்ததும் உங்கள் இடப்பக்கம் நின்று கத்தினேன். "ஏண்ணே அப்படிச் சொன்னீங்க? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"தொர மூஞ்சியப் பாத்து இல்லேன்னு சொல்ல வாய் வரல தம்பி. தெனம் விடியக்கால ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுல வரிசையா நின்னு, சரிங்க தொரேன்னே பழகிட்டேன்."

"இவரு உங்க தோட்டத்துத் தொர இல்ல!"

"எல்லாம் ஒரே தொப்பிதான?" என்று சிரித்தீர்கள். "அந்தப் பக்கம் நின்னு கத்துனா வீணு தம்பி. இந்தப் பக்கம் வா."

ஊரிலிருந்து ஒரே கப்பலில் இங்கே வந்த உரிமையில் என்னைத் தம்பி என்றழைத்தவர் நீங்கள் ஒருவர்தான். அந்த நாள் முதல், போன மழைக்காலத்துக் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோகும்வரை, உங்கள் வலப்பக்கத்திலேயே நடந்தேன். உங்கள்மேல் கொண்ட எரிச்சல் மட்டும் இன்னும் ஆறவில்லை. ஒருவனை 'இல்லை' என்று சொல்ல முடியாதவனாகவே ஆக்கிவிடுவது எந்தத் தரத்துக் குற்றம்? சட்டப் புத்தகத்தில் தேடிவிட்டேன். அதற்குப் பிரிவே இல்லை.

இன்று அந்தப் பெஞ்சில் இருந்தவனிடம் கேட்டேன்: "எடுத்தியா?"

"இல்லீங்க. யாரோ சாக்க எங்க லயத்து வீட்டுக்குப் பின்னால போட்டுட்டுப் போயிட்டாங்க."

"உள்ளே தொர கேட்டா என்ன சொல்லுவே?"

அவன் என்னைப் பாவமாகப் பார்த்தான். "தொர கேட்டா, ஆமாங்கன்னுதானுங்களே சொல்லணும்?"

அவனை அழைக்கும்வரை, 'இல்லீங்க தொரே' என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லவைத்தேன், அண்ணே. உரக்க. அவனுக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும். இருந்தும் அவனுடைய வலப்பக்கத்தில்தான் போய் உட்கார்ந்திருந்தேன்.