தொழில்முனைவோர் வகுப்பில் ஒட்டப்படும் சட்டைப்பெட்டிகள் குறித்து

அனுப்புநர்:
அட்டைப்பெட்டி ஒட்டும் தொழிலாளி,
ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்,
பள்ளிக்குப் பின்தெரு, மாடிவீடு.

பெறுநர்:
கல்வி அலுவலர் அவர்கள்,
கல்வி அலுவலகம்.

பொருள்: பெண்கள் பள்ளியில் நடைபெறும் 'இளம் தொழில்முனைவோர்' செய்முறைப் பயிற்சி – மாணவிகளைக் கொண்டு வெளியாருக்குக் கூலியில்லாமல் பெட்டி ஒட்டவைப்பதாக ஐயம் – நேரில் விசாரிக்க வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். நான் பதினோரு ஆண்டுகளாக அட்டைப்பெட்டிப் பட்டறையில், கடைகளில் சட்டை வைத்து விற்கும் பெட்டிகளை ஒட்டும் வேலை செய்கிறேன். மனு எழுதிப் பழக்கமில்லை. இதில் எழுத்துப்பிழை இருந்தால் மன்னிக்கவும். என் சந்தேகமே பிழை என்று தாங்கள் விசாரித்துச் சொன்னால், அதைவிட நிம்மதி எனக்கு வேறில்லை.

1. இந்த ஆண்டு பள்ளி திறந்ததும், வெளியிலிருந்து ஒரு பயிற்சி நிறுவனம் வந்து வாரம் மூன்று மாலை இந்த வகுப்பை நடத்துகிறது. பயிற்றுநர் இளைஞர். வாயைத் திறந்தால் வெற்றி என்பதால் பிள்ளைகள் அவரை 'வெற்றி சார்' என்கிறார்கள். முதல் மாதம் நல்லபடியாகவே நடந்தது. கடைத்தெருவுக்கு அழைத்துப்போய், கடைக்காரர்களிடம் கேள்வி கேட்க வைத்தார். என் மகள் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், "அம்மா, ஒரு பொருளச் செய்யறதுக்கு முன்னாடி அத யார் வாங்குவாங்கன்னு கேக்கணுமாம்" என்றாள். அன்று எனக்குப் பெருமையாக இருந்ததை மறைக்காமல் சொல்கிறேன்.

2. இரண்டாம் மாதம் 'உற்பத்திச் செய்முறை' தொடங்கியது. அதே வாரம் எங்கள் மேஸ்திரி, "இனிமே வாரத்துல ரெண்டு நாள் வந்தாப் போதும். சட்டைப்பெட்டி ஒட்டறது வேற எங்கயோ போயிடுச்சு" என்றார். எங்கே என்று கேட்டேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார். இரண்டையும் அன்று நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

3. ஒரு மாலை மகள் நகக்கண்ணில் பசையோடு வந்து ஒரு சான்றிதழைக் காட்டினாள். வகுப்பிலேயே வேகமான கை அவளுடையதாம். என்ன செய்தாய் என்று கேட்டேன். "பெட்டி ஒட்டினோம்மா. எல்லாருக்கும் கோணிக்கிட்டுப் போச்சு. மடிப்புல ஒரு பிசிறு இருக்குல்ல, நீ கிள்ளுவியே, அதேமாதிரி கிள்ளிட்டு ஒட்டினேன்" என்றாள்.

அப்போதுதான் இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். எங்கள் பட்டறையில் அட்டை வெட்டும் அச்சில் ஒரு பல் உடைந்து வருடமாகிறது. அதில் வெட்டிய அட்டையில் மட்டுமே இடது மடிப்பில் அரிசியளவு பிசிறு நிற்கும். வெட்டும் வேலை இன்றும் எங்கள் பட்டறையில்தான் நடக்கிறது. ஒட்டும் வேலைதான் போயிற்று. கிள்ளும் முறையை மற்ற முப்பது பிள்ளைகளுக்கும் என் மகளையே சொல்லிக்கொடுக்க வைத்திருக்கிறார்கள்.

4. பெற்றோர் கூட்டத்தன்று வகுப்புக்குள் எட்டிப் பார்த்தேன். ஜன்னல் உயரத்துக்குப் பெட்டிகள். யாருக்கு என்று கேட்டதற்கு வெற்றி சார், "சும்மா மாதிரிதாம்மா. பிள்ளைங்களுக்குக் கை பழகணும்ல?" என்றார். அப்படியானால் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன் என்று கையை நீட்டினேன். "எண்ணி வச்சிருக்கும்மா, குறையக் கூடாது" என்று வாங்கி வைத்துவிட்டார். மாதிரியை எதற்கு எண்ணி வைக்க வேண்டும் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தலைமையாசிரியை அம்மா, நல்லது நடக்கும்போது குறுக்கே நிற்க வேண்டாம் என்றார். நான் சம்மதக் கையெழுத்துப் போட்ட படிவத்தைக் கேட்டேன். முதல் பக்கத்தை மட்டும் காட்டினார்கள். இரண்டாம் பக்கம் பீரோவில் இருக்கிறதாம்.

5. மகளிடம் நானாக எதுவும் சொல்லவில்லை. வேலை நாளில் நான் வீட்டில் இருப்பதைப் பார்த்து அவளாகவே கேட்டுத் தெரிந்துகொண்டாள். அடுத்த வகுப்பில் எழுந்து நின்று, "சார், இத யார் வாங்கறாங்க?" என்று கேட்டிருக்கிறாள். நல்ல கேள்வி என்று சிரித்திருக்கிறார். மறுவார வகுப்புப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. காரணம், 'ஒழுங்குக் குறைவு'.

அவள் அழுதது அதற்காக அல்ல. "ஒன் வேலைய நான்தானேம்மா எடுத்துக்கிட்டேன்? மத்தவங்களுக்கும் நானே சொல்லிக்கொடுத்தேனே" என்றாள். அவளுக்குப் பதினான்கு வயது. குளித்து ஈரமாக இருந்த அவள் தலையைத் துவட்டிவிட்டேன்.

6. இந்த வகுப்பை நிறுத்தச் சொல்ல நான் வரவில்லை. என்னைப்போல அவளும் காலம் முழுக்க ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்பதால்தான் அனுப்பினேன். என்னோடு வேலை செய்யும் நான்கு பெண்களுக்கும் இதே சந்தேகம் உண்டு. கையெழுத்துப் போட்டால் இருக்கிற இரண்டு நாளும் போய்விடும் என்று பயப்படுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இந்த மனு 'விளக்கம் கேட்டு' அதே தலைமையாசிரியையிடமே போய்ச் சேருமோ என்ற ஐயமும் எனக்கு இருப்பதால், தபாலில் போடாமல் நேரில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குகிறேன். தவறாக நினைக்க வேண்டாம்.

7. வெள்ளிக்கிழமை மாணவிகளின் கண்காட்சியைத் தாங்கள் திறந்துவைப்பதாகப் பள்ளி வாசலில் பலகை கட்டியிருக்கிறார்கள். இன்று காலை என் வீட்டு மாடியிலிருந்து பார்த்தேன். பிள்ளைகள் வரிசையாகப் பெட்டிகளைச் சுமந்துபோய், மேடைக்குப் பின்னால் உள்ள விளையாட்டுச் சாமான் அறையில் அடுக்கினார்கள். பிறகு அதற்குப் புதுப் பூட்டுப் போட்டார்கள். கண்காட்சி மேசையில் மெழுகுவர்த்தியும் காகிதப் பூவும்தான் இருக்கும் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள்.

ஆகவே, என் மகளை மீண்டும் வகுப்பில் சேர்க்கவும், பிள்ளைகள் ஒட்டிய பெட்டிகள் எங்கே போகின்றன என்று விசாரிக்கவும் கேட்டுக்கொள்கிறேன். ரிப்பன் வெட்டியதும் அந்த அறையைத் திறக்கச் சொல்லுங்கள். சாவி யாரிடமோ இருக்கிறது என்பார்கள், தேநீர் ஆறுகிறது என்பார்கள். சாவி வரும்வரை தாங்கள் அந்தக் கதவருகிலேயே நிற்க வேண்டும் என்பதுதான் என் விண்ணப்பம்.

இடம்: கல்வி அலுவலக வராந்தா
நாள்: புதன்கிழமை, முற்பகல்

இப்படிக்கு,
(கையொப்பம்)
ஒன்பதாம் வகுப்பு மாணவியின் தாய்