தாத்தா இப்போதுதான் போனார்

நவம்பர் 24, திங்கள்

மாலை பேக்கரியில் இருந்தவர்கள்: கடைக்கார நசுருதீன் தம்பி, அவர் மனைவி மெஹராஜ், டீ மாஸ்டர் முகமது ரியாஸ், நான், டீ குடிக்க வந்த என் வீட்டுக்காரர். அவ்வளவுதான். வாடிக்கை என்று வேறு ஒரு ஆளும் இல்லை. பேச்சே அதைப் பற்றித்தான்.

மேட்டுப்பாளையம் ரோட்டில் அந்தப் பெரிய கேக் கடை திறந்ததிலிருந்து இப்படி. "கிறிஸ்துமஸ் வரைக்கும் பாக்கறேனுங்க்கா. அப்பவும் இப்படியே இருந்துச்சுன்னா பூட்டிப்போட்டு, தாராபுரத்துல மச்சான் கடைல போய் நின்னுக்கறேன்" என்றார் நசுருதீன்.

"நீங்க போங்க, நான் வரலை" என்றாள் மெஹராஜ். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண் சிரிக்கவில்லை.

அவர்களுக்காக ஜெபம் செய்தேன்.

நவம்பர் 27, வியாழன்

மெஹராஜ் பிளம் கேக்குக்கென்று தனிப் பெட்டி அச்சடிக்கப் போகிறாள். மேலே கிறிஸ்துமஸ் தாத்தா படம். எனக்கு மனம் ஒப்பவில்லை. "வேதத்துல தாத்தாவே கெடையாது கண்ணு. பொறந்தது பாலன். தொழுவத்தைப் போடு" என்றேன்.

இரண்டு முந்திரியை உடைத்துப் போட்டாள். பிறகு, "கேக்கைத் தின்னுபோட்டு பெட்டிய எங்கீங்க்கா போடுவாங்க?"

"குப்பைல."

"அதுல உங்க சாமி படம் இருந்தா?"

வசனக் காலண்டர் தாளைக்கூடக் கிழித்து எறிய மனமில்லாமல் மெத்தைக்கு அடியில் வைக்கிறவள் நான்.

"தாத்தான்னா கோவிச்சுக்க மாட்டாருங்க்கா. குப்பைக்குப் போனாலும் சிரிச்சுட்டே போவாரு."

ஒரு சாமியைக் குப்பையில் போட விடக்கூடாது என்று, அது தன் சாமி இல்லாவிட்டாலும், அவளுக்குத் தோன்றியதே. பிரசங்கத்தில் கேட்டிருந்தால் குறித்து வைத்திருப்பேன். இங்கே குறித்துவிட்டேன்.

நவம்பர் 29, சனி

ஃபிளெக்ஸ் கடை ரிஃபத் படம் போட்டுக் கொண்டுவந்தான். பனி, மான் வண்டி, புகைபோக்கி எல்லாம் இருந்தது.

"மானா? நம்ம பக்கம் ராத்திரில வாரது ஆனைதான. அதைப் புடிச்சு வண்டில கட்டறதா?" என்றாள் மெஹராஜ்.

மான் போய் மொபெட் வந்தது. பனி போய்த் தென்னந்தோப்பு. புகைபோக்கி இருந்த இடத்தில் நம் ஊர்க் கம்பிக் கேட். தொப்பையில் மட்டும் கை வைக்க விடவில்லை. "கேக் விக்கறவங்க தொப்பையைக் கொறைக்கலாமா? தாடி இன்னுங் கொஞ்சம் பொங்கோணும், டீ நுரையாட்ட." கீழே சின்ன எழுத்தில், திராட்சைச் சாற்றில் ஊறியது, மது கலக்காதது. இது எங்கள் சபையாருக்கும் பிடிக்கும், அவர்கள் ஜமாத்துக்கும் பிடிக்கும்.

ரிஃபத் தாத்தா வாயில் ஹோ ஹோ என்று எழுதியிருந்தான். அதையும் அழிக்கச் சொன்னாள். "இவுங்க சபைல வீடு வீடாப் பாடிட்டு வார கேரல் தாத்தா ஒரு வார்த்தை பேச மாட்டாரு. வருசா வருசம் மாடில நின்னு பாக்கறேன். பேசுனா யாரோட அப்பான்னு புள்ளைங்க கண்டுபுடிச்சுருமில்ல. பேசாததுதான் அவரு கெத்து."

நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். அந்த முகமூடிக்குள் ஆடுவது என் வீட்டுக்காரர்தான். கேரல் கமிட்டியைத் தவிர யாருக்கும் தெரியாது. மெஹராஜிடம்கூடச் சொன்னதில்லை.

டிசம்பர் 3, புதன்

மெஹராஜ் கமிட்டிச் செயலாளர் பெனடிக்ட்டிடம் போய்க் கேட்டிருக்கிறாள் – சாயங்காலங்களில் உங்கள் தாத்தாவைக் கடை வாசலில் நிற்க அனுப்புவீர்களா என்று.

"சபைத் தாத்தா சபைக்குத்தாம்மா. உங்க வாசல்ல நின்னா, நாளைக்கு நகைக்கடைக்காரரு கேப்பாரு, அடுத்து கட்சிக்காரரு கேப்பாரு."

அவர் சொல்வதும் சரிதானே? என் வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னார். முகமூடியைத் துடைத்துத் திரும்பப் பரணில் வைத்தார். தாத்தாவுக்கென்று மெஹராஜ் சிவப்புத் துணி சுற்றி வைத்த நாற்காலி கடை வாசலில் சும்மா கிடக்கிறது.

டிசம்பர் 4, வியாழன்

பெரிய கடையில் சிவப்பு உடுப்பு மாட்டிய ஒரு பையன் மைக்கில் தள்ளுபடி சொல்லிக் கத்துகிறான். குழந்தைகள் ஒரு தடவை கை கொடுத்துவிட்டுப் போய்விடுகின்றன.

டிசம்பர் 6, சனி

இதை எழுதும்போதும் சிரிப்பு வருகிறது.

வீட்டுக்காரர் டீ குடிக்கப் போனவர், அந்தச் சிவப்பு நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறார். பாதி டீயில் பட்டறையிலிருந்து போன் வர, டம்ளரைப் பக்கத்து ஸ்டூலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் பிரெட் வாங்க நின்றிருந்தேன். ஒரு குழந்தை வந்து, "ஏனுங்க ஆன்ட்டி, கிறிஸ்துமஸ் தாத்தா எங்கீங்க?" என்றது.

மெஹராஜ் நாற்காலியைப் பார்த்தாள். டம்ளரைப் பார்த்தாள். "இப்பத்தான் போனாரு கண்ணு. டீயக்கூட முழுசாக் குடிக்கல, பாரு."

குழந்தை டம்ளரைத் தொட்டது. சூடு இருந்தது. தெருமுனை வரைக்கும் ஓடிப் பார்த்துவிட்டு வந்தது.

சின்னப் பிள்ளையிடம் பொய் சொல்கிறாளே என்று எனக்குச் சுருக்கென்றது. அப்புறம்தான் உறைத்தது – பொய் எங்கே? தாத்தாதானே குடித்துவிட்டுப் போனார்? அவள் அறியாமல் சொன்ன உண்மை. ஆண்டவர் சில பேர் வாயில் இப்படியும் பேசுவார்போல.

இரவுக்குள் பலகை எழுதி மாட்டிவிட்டாள்: தாத்தா இப்போதுதான் போனார்.

டிசம்பர் 12, வெள்ளி

தினமும் பள்ளி விடும் நேரத்துக்குச் சூடாக அரை டம்ளர் டீ, கடித்த கேக் துண்டு. ஒரு நாள் கைக்குட்டை, ஒரு நாள் மொபெட் சாவி. இதெல்லாம் இவளுக்கு எங்கிருந்து தோன்றுகிறது? பிள்ளைகள் தாத்தாவைப் பிடிக்க ஓடி வருகிறார்கள், கூட வந்த அம்மாக்கள் நிற்கிறார்கள். நிற்கிறவர்கள் சும்மா போவதில்லை. பெரிய கடைப் பையனை எல்லாரும் பார்த்தாகிவிட்டது. இந்தத் தாத்தாவை இன்னும் யாரும் பார்க்கவில்லையே.

இன்று வீட்டுக்காரர் மறந்துபோய் அந்த நாற்காலியில் உட்காரப் போனார். ஒரு வாண்டு அதட்டியது: "அது தாத்தா சேருங்க. நீங்க உக்காரக் கூடாது."

"தெரியாமப் பண்ணிட்டனுங்க" என்று சொல்லி நின்றுகொண்டே டீயைக் குடித்தார். வீட்டுக்கு வந்துதான் சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார்.

டிசம்பர் 15, திங்கள்

நசுருதீன் இப்போது தினமும் அடுப்பை இரண்டு தடவை மூட்டுகிறார். தாராபுரம் பேச்சை நான் எடுக்கவில்லை.

டிசம்பர் 22, திங்கள்

ஏழு மணிக்குக் கேரல் எங்கள் தெருவுக்கு வந்தது. டிரம் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் பேக்கரி வாசலில் கூடிவிட்டார்கள். தாத்தா ஆடிக்கொண்டே கடையைத் தாண்டப் பார்த்தார். விடவில்லை. அங்கி, பை, தாடி என்று கைக்குக் கிடைத்ததைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அதட்டிய வாண்டுதான் முன்னால்.

மெஹராஜ் டீ கொண்டுவந்தாள். முகமூடியோடு எப்படிக் குடிப்பார்? டம்ளரைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார். எனக்கு பெனடிக்ட்டை நினைத்துத்தான் பயம். அவர் பிள்ளைகளைப் பார்த்தார். "சரி சரி, தாத்தா களைச்சுட்டாரு. இங்கியே ரெண்டு பாட்டுப் பாடிரலாம்" என்றார். போகும்போது ஆயர் வீட்டுக்கென்று நாலு பெட்டி வாங்கிக்கொண்டார்.

தாத்தா எழுந்து போனதும் மெஹராஜ் என் பக்கம் சாய்ந்து, "அண்ணனுக்கு வேற டீ போட்டு வெச்சுருக்கனுங்க்கா. வந்து நிதானமாக் குடிக்கச் சொல்லுங்க" என்றாள்.

எப்போதிலிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை.

டிசம்பர் 28, ஞாயிறு

ஆராதனை முடிந்து வரும்போது மெஹராஜ் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். கட்டட ஓனர் செல்லாத்தாள் வெள்ளகோவிலில் மகன் வீட்டில் இருக்கிறார். அவருக்கு வாட்ஸப்பில் செய்தி எழுதித் தர வேண்டுமாம். பக்கத்தில் நசுருதீன், கை நிறைய மாவோடு. மெஹராஜ் சொல்லச் சொல்ல நான் தட்டினேன்:

"செல்லாத்தா அம்மாவுக்கு வணக்கமுங்க. நாங்கள் எங்கும் போகவில்லை. தையல்காரர் காலி செய்த பக்கத்து ரூமையும் எங்களுக்கே வாடகைக்குக் கொடுங்க. பிள்ளைகள் நிற்க இடம் பத்தவில்லை. தருவீங்களா, மாட்டீங்களா? கொஞ்சம் சீக்கிரம் பதில் சொல்லுங்க."