மண் பாதைக்கு ஒரு பழைய வண்டி

மார்ச் 4

அன்புள்ள இன்ஸ்பெக்டரம்மாவுக்கு,

நலம்தானே? உன் அக்கா வீட்டு மாடி அறையில் வெயில் அதிகமா? ஆம்புலன்ஸ் கேட்பவர்களிடம் பேசுவதுபோலவே உன்னிடமும் போனில் பேசுகிறேன் என்று கிளம்பும்போது சொன்னாய். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். இங்கே சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. ஆளைக் கூப்பிட வேண்டும்.

விஷயம் இதுதான். பக்கத்துத் தெரு மாட்டு டாக்டர் தன் எஸ்.யூ.வி.யை விற்கப்போகிறார். பதினான்கு வயசு வண்டி, மூன்று லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. ஃபோர் வீல் டிரைவ், நாலு சக்கரமும் இழுக்கும். அணைக்குப் பின்னால் மலையேறும் மண் பாதையில் ஒருநாள் போக வேண்டும் என்று கல்யாணமான புதிதிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாய். நம் சின்னக் காருக்கு அடி தட்டும், இது உயரமான வண்டி. ஆனால் இவ்வளவு ஓடியது மேடு பள்ளம் தாங்குமா? வண்டிகளைச் சோதித்துச் சான்று கொடுப்பது உன் தொழில். நீ சரி என்றால் வாங்கிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் போய்வரலாம்.

உன்,
கண்ட்ரோல் ரூம்

மார்ச் 9

அன்புள்ள கண்ட்ரோல் ரூமுக்கு,

குழாய்க்கு ஆளெல்லாம் வேண்டாம். வாஷர் போயிருக்கும். மாற்றினால் சரியாகிவிடும்.

மூன்று லட்சம் என்றதும் மிரளாதீர்கள். ஊருக்குள் நின்று நின்று ஓடிய ஒரு லட்சத்தைவிட, நெடுஞ்சாலையில் சீராக ஓடிய மூன்று லட்சம் மேல். மீட்டரை விட்டுவிட்டுக் குனிந்து அடியில் பாருங்கள். சேஸியில், அதாவது அடிச்சட்டத்தில், மேலாகத் துரு இருந்தால் பரவாயில்லை. ஸ்க்ரூ டிரைவரால் குத்தும்போது உள்ளே இறங்கினால், சும்மா கொடுத்தாலும் வேண்டாம். ஃபோர் வீல் லீவரைப் போட்டுப் பாருங்கள். பலர் வருஷக்கணக்கில் அதைத் தொடுவதே இல்லை, இறுகிப்போயிருக்கும். ஒரு மேட்டில் மெதுவாக ஏற்றி, இன்ஜின் சூடு ஏறுகிறதா என்று கவனியுங்கள். பாறையில் ஏறி வித்தை காட்டப்போவதில்லையே நாம். மண் பாதைக்கு இவ்வளவு தேறினால் போதும்.

'நாம்' என்று எழுதிவிட்டேன். எழுதியது எழுதியதாகவே இருக்கட்டும். அக்கா எட்டிப் படித்துவிட்டு, "ஏன்டி, கோவிச்சுக்கிட்டு வந்தவ எழுதற கடுதாசியா இது?" என்று கேட்டாள். சனிக்கிழமை நானே வந்து வண்டியைப் பார்க்கிறேன். டாக்டரிடம் சொல்லி வையுங்கள்.

அன்புடன்,
இன்ஸ்பெக்டர்

மார்ச் 20

அன்புள்ள இன்ஸ்பெக்டரம்மாவுக்கு,

சனிக்கிழமை நீ வந்துபோனதிலிருந்து வீடு கொஞ்சம் வீடாக இருக்கிறது. தெருவில் சாக்கை விரித்து வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு, "டார்ச்ச அங்க காட்டுங்க, என் மூஞ்சில இல்ல" என்று நீ அதட்டியதை நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன். "நான் கன்னுக்குட்டியப் பாக்கற மாதிரியே பாக்கறாங்க சார் உங்க வீட்டுக்காரம்மா" என்று டாக்டர் இன்றுகூடச் சொன்னார். நீ இரண்டாவது டீ கேட்டாய். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் சொல்ல ஆசையாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஒரு அழைப்பு வந்தது. காட்டுப் பாதையில் ஜீப் கவிழ்ந்து, கணவர் உள்ளே சிக்கிக்கொண்டார். அந்த அம்மாதான் பேசினார். எந்த இடம் என்று கண்டுபிடிக்க, பக்கத்தில் ஏதாவது மைல்கல், பெயர்ப்பலகை தெரிகிறதா என்று கேட்டேன். "ஒண்ணுமே இல்லைங்க, மரந்தான் இருக்கு" என்றார். ஆம்புலன்ஸ் போய்ச் சேரும்வரை அந்த அம்மாவைப் பேசவைத்துக்கொண்டே இருந்தேன்.

நாம் போகும் பாதையில் போன் சிக்னல் கிடைக்குமா? இவ்வளவு பழைய வண்டியில் இன்ஜின் பெல்ட் அறுந்தால் என்ன செய்வது? டாக்டரிடம் இன்னும் பதில் சொல்லவில்லை.

உன்,
கண்ட்ரோல் ரூம்

மார்ச் 25

அன்புள்ள உங்களுக்கு,

பெல்ட் அறுவதற்கு முன்னாலேயே மாற்றிவிடலாம், அரைநாள் வேலை. சேஸி கெட்டி. ஃபோர் வீல் லீவர் சரியாக விழுகிறது. முன்பக்கத்தில் அதிர்வு தாங்கும் ரப்பர் புஷ் தேய்ந்திருக்கிறது, அதையும் மாற்றவேண்டும். ஆற்றில் இறக்கக்கூடாது, அவ்வளவுதான். போகலாம். இதுதான் என் சான்று.

அந்த அம்மாவின் கணவருக்கு என்ன ஆனது என்று எழுதவில்லை நீங்கள். வீட்டிலும் பாதி சொல்வீர்கள், மீதியை விழுங்கிவிடுவீர்கள். இருபது வருஷமாக ஊரார் விபத்தெல்லாம் நம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நம்மோடு சாப்பிடுகிறது. உங்கள் பயத்தை நான் குறை சொல்லவில்லை. தினமும் அதைக் கேட்கிற காதுக்கு வேறென்ன தோன்றும்? ஆனால் அந்தப் பயத்தோடு குடித்தனம் நடத்தி நான் களைத்துவிட்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணிக்கு அக்கா வீட்டு வாசலில் நிற்பேன். வண்டியை வாங்கியிருந்தால் அதில் வாருங்கள். வாங்கவில்லையென்றால் பஸ்ஸில் வாருங்கள், நடந்தே ஏறலாம். நீங்கள் வரவேண்டும், எனக்கு அதுதான் முக்கியம்.

காத்திருக்கும்,
நான்

ஏப்ரல் 7

அன்புள்ள இன்ஸ்பெக்டரம்மாவுக்கு,

நேற்று பஸ் நிலையம் வரைக்கும் வந்தேன். டிக்கெட்டும் எடுத்தேன். தூறல் விழுந்தது. ஈர மண்ணில் நடந்தால் வழுக்கும், நீ கேட்கமாட்டாய், ஏறிவிடுவாய் என்று தோன்றியது. இரண்டு பஸ்களை விட்டேன். பிறகு வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். எவ்வளவு நேரம் வாசலில் நின்றாய்?

டாக்டரிடம் இன்னும் ஒரு வாரம் கேட்டிருக்கிறேன். இதைவிடக் குறைவாக ஓடிய வண்டி ஒன்றும் விற்பனைக்கு வந்திருக்கிறது. அதையும் பார்த்துச் சொல்கிறாயா?

நீ கேட்டதற்குப் பதில்: அவர் இறந்துவிட்டார். நான் அந்த அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தபோதே.

உன்,
கண்ட்ரோல் ரூம்

ஏப்ரல் 21

அன்புள்ள உங்களுக்கு,

டாக்டர் எனக்கு போன் செய்தார். "சார் ஒரு வாரம்னாரு, பத்து நாள் ஆச்சு. என்னம்மா பண்ணட்டும்?" என்றார். வண்டியை நானே வாங்கிவிட்டேன். பெல்ட்டும் புஷ்ஷும் மாற்றியாயிற்று.

நேற்று அந்தப் பாதையில் போனேன், தனியாக. இரண்டாவது வளைவில் மழைத்தண்ணீர் அரித்த பள்ளம். சக்கரம் ஒரு சுற்று வெறுமனே சுற்றியது. லோ கியரில் மெதுவாக விட்டேன், பிடித்துக்கொண்டது. உச்சியில் என்ன இருந்தது தெரியுமா? பூட்டிய இரும்புக் கேட், ஒரு பம்ப் அறை, காய்ந்த புதர். அணைத் தண்ணீர்கூடத் தெரியவில்லை. நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால், "இதுக்குத்தானா இருபது வருஷம்" என்று கேட்டிருப்பீர்கள். நான் சண்டை பிடித்திருப்பேன். அப்படியாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை நமக்குக் கிடைத்திருக்கும். பிஸ்கட் தின்றுவிட்டு இறங்கிவிட்டேன்.

அன்று பதினோரு மணிவரை வாசலில் நின்றேன். இனி நான் அந்த வீட்டுக்குத் திரும்பப்போவதில்லை. கோபமில்லை. கோபம் இருந்தால் இன்னும் காத்திருப்பேன். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
நான்

மே 2

அன்புள்ள உனக்கு,

கடிதத்தைப் படித்தேன். இந்தத் தடவை கேட்பதற்கு எதுவும் தோன்றவில்லை.

உன் துணிகள், தையல் மெஷின், கருவிப் பெட்டி, புத்தக அலமாரி எல்லாவற்றையும் இன்று ஒரு சின்ன வேனில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். தையல் மெஷினைப் போர்வையால் சுற்றியிருக்கிறேன், இறக்கும்போது பார்த்துக்கொள்.

வேனின் முன்சீட்டு காலியாக இருந்தது. "நீங்களும் ஏறுங்க சார், அம்மாவப் பாத்துட்டு சாயங்காலம் என்கூடவே திரும்பிடலாம்" என்று டிரைவர் கதவைத் திறந்துவிட்டார். வானம் வெளுப்பாக இருந்தது, தூறல்கூட இல்லை. ஒரு காலைப் படியில் வைத்தேன்.

அப்புறம் எடுத்துக்கொண்டேன். "பாத்துப் போப்பா" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

இப்படிக்கு,
நான்