ஒன்பதடி பேனரும் விஜயாவின் ஏர்கோன் பரீட்சையும்

செவ்வாய்

வெயில். என் வழுக்கையில் ரொட்டி சானாய் சுட்டெடுக்கலாம்.

சுங்கைப் பட்டாணி வணிகர் சங்கத் தலைவராக நான் ஆட்சிபுரியத் தொடங்கிப் பதினெட்டு ஆண்டுகள். இதுவரை வெட்டிய திறப்புவிழா ரிப்பன்களை முடிச்சுப் போட்டால் பினாங்குத் தீவையே கரைக்கு இழுத்துக் கட்டலாம். கேக் கடை, தையல் கடை, டயர் கடை... எல்லாரும் நம் சங்க மாடி அறையில் தொழில் படித்துப் போனவர்கள்.

செய்ய வேண்டியவை:
பேனர் எடுக்க.
பிரஷர் மாத்திரை.
விஜயாவுக்குத் தைரியம் சொல்ல.

வியாழன் அவளுக்கு ஏர்கோன் பரீட்சை, அதாவது ஏசி பழுதுபார்க்கும் சான்றிதழுக்கு. கூடப் படித்த ஐவரும் போன மாதமே தேறிவிட்டார்கள். அன்று இவள் மகளின் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில். பாடாங் மேஹா தோட்டத்தில் செம்பனை உதிரிப் பழம் பொறுக்கியவள். டவுன் கிளினிக் ஒன்று சொல்லிவிட்டது: இந்த வாரத்துக்குள் சான்றிதழோடு வந்தால் அங்குள்ள ஏர்கோன் வேலை முழுக்க அவளுக்கு. இல்லையென்றால் வேறு ஆள்.

தைரியம் சொல்லப் போன் போட்டேன். "அண்ணே, படிச்சிட்டிருக்கேன்லா. அப்புறம் பேசுறேன்." வைத்துவிட்டாள்.

புதன்

விஜயாவை வாழ்த்தும் பேனர் வந்தது. ஒன்பதடி. என் முகம் மட்டும் நாலடி. விஜயா பெயர் அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி. மாடி அறையில் மாட்ட ஆள் வரவில்லை. சுத்தியலை நானே ஏந்தினேன். முதல் ஆணி, இரண்டாவது ஆணி. மூன்றாவது... ஸ்ஸ்ஸ்.

செயலாளர் காசிம் பாய், கீழே நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருப்பவர், சுவரில் காதை வைத்தார். "தலைவரே, செவுரு மூச்சு விடுது."

சுவருக்குள் ஓடும் ஏர்கோன் செம்புக் குழாயில் ஓட்டை. காஸ் முழுக்கக் காலி. நாளைய பரீட்சை இந்த ஏர்கோனில்தான். வேறு இல்லை.

வி. வந்து பார்த்தாள். நான்தான் ஆரம்பித்தேன்.

"பேனரால மறைச்சிட்டு, முன்னாடியே கெட்டுப் போச்சுன்னு சொல்லிடலாமாம்மா?"

"நல்லா இருக்குண்ணே! கெட்டுப்போனதுல பரீட்சை இல்லன்னு ஆபிசர் திரும்பிப் போயிடுவாரு. அடுத்தது எப்போன்னு யாருக்குத் தெரியும்? உண்மையச் சொல்லுங்க. நான் அவரு கண்ணு முன்னாடியே சரி பண்றேன்னு கேளுங்க. நீங்கதான் கேக்கணும்."

சாப்பாடு இறங்கவில்லை. ஆறு தோசையோடு நிறுத்திக்கொண்டேன்.

வியாழன்

மழை. தேர்வாளர் என்சே ரொஸ்லி அலோர் ஸ்டாரிலிருந்து நனைந்து வந்தார். ஆணியைப் பார்த்தார். "சியாப்பா புவாட்?" யார் செய்தது என்கிறார்.

ஆயிரம் மேடை கண்ட நாக்கு. "சாயா, என்சே." நான்தான், ஐயா. அவ்வளவே வந்தது. பிறகு ஒருவழியாக வி. சொன்னதையும் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பேனரில் இருந்த முகத்தைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். சரி, பன்னிரண்டு மணிக்குள் அறை குளிர வேண்டும். குளிராவிட்டால் தேர்ச்சி இல்லை.

சுவரைக் கொத்தினாள். குழாயை வெட்டினாள், பற்றவைத்தாள், உள்ளே இருந்த காற்றை உறிஞ்சி எடுத்தாள், காஸ் ஏற்றினாள். எனக்கு ஏணி பிடிக்கும் பதவி.

"பாரும்மா, நம்ம சங்க வரலாற்றுலயே..."

"அண்ணே, ஏணி ஆடுது. கைய வேலை வாங்குங்க, வாய வேணாம்."

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம். குளிர் இல்லை. காசிம் பாய் மூலையில் ஓதிக்கொண்டிருந்தார். முருகனுக்கு மொட்டை நேர்ந்துகொள்ளலாம் என்றால் முடி இல்லை, காவடிக்கு ஒப்புக்கொண்டேன்.

ஐந்து நிமிடம். பிடரியில் சில்லென்று ஏதோ. ரொஸ்லி சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். தாளில் கையெழுத்து. "தெராம்பில்." தேறிவிட்டாள்!

பாய் அழுதார். நான் அழவில்லை, இமயமலைக் குளிரில் கண்ணில் நீர் வருவது இயற்கை. வி. தாளை வாங்கி மூன்று தடவை படித்தாள். பிறகு நேரே கிளினிக்குக்கு மோட்டார் சைக்கிளில் பறந்தாள், மழைச்சட்டைகூடப் போடாமல்.

சனி

வீட்டு ஏர்கோன் ஒழுகுகிறது. மனைவி வாளியோடு கட்டில் மேல். வி.க்குப் போன்.

"அண்ணே, இன்னிக்குக் கிளினிக். நாளைக்குப் பெண்டாங்ல ஒரு வேலை. உங்க வீடு திங்கக்கெழம."

"நான் சங்கத் தலைவர்மா!"

"அதான் திங்கக்கெழம. இல்லாட்டி புதன்."