படகில் ஒட்டாத துணி

அன்பு மூத்தவளுக்கு அப்பா சொல்லச் சொல்ல எழுதுவது. இங்கே நான், அம்மா, தம்பி மூவரும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் அதைவிடச் சுகமாக இருக்கவேண்டும். எழுதுவது எதிர்வீட்டுத் தையல்கார அம்மா. தம்பியிடம் எழுதச் சொன்னால் அவனுக்கு ஆகாததை விழுங்கிவிடுவான். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, ஆனால் மாத்திரையைப் பாதியாக உடைத்துத்தான் சாப்பிடுகிறாள், டாக்டரைக் கேட்டால் அதுவும் போதும் என்கிறான், அப்படியென்றால் முழுசாக எழுதிக் கொடுத்தது ஏன் என்று எனக்குச் சந்தேகம்.

விஷயம் நம் பழைய மரப்படகு. ஏழு வயதில் துடுப்பைத் தண்ணீரில் நழுவவிட்டு அழுதாயே, அதேதான். அடியில் இரண்டு பலகை இற்றுக் கசிந்தது. தம்பி அதைக் கொட்டகையில் கவிழ்த்துப் போட்டு, இற்றதை அறுத்துப் புதுப்பலகை வைத்து, பழைய பெயிண்டைச் சுரண்டி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே ஃபைபர் துணி விரித்து ரெசின் பசை பூசப்போறேன் என்றான். பத்து வருஷமாக எட்டிப் பார்க்காதவனுக்கு திடீரென்று என்ன பாசம்? ஓட்டையைத் துணியால் மூடி எவன் தலையிலாவது கட்டப் பார்க்கிறான் என்று அம்மா முன்னாலேயே கேட்டுவிட்டேன். எப்பதாம்ப்பா என்னை நம்புவீங்க என்றான். அது ஒரு பதிலா? ரெசின் டப்பாவின் மூடியும் முன்னமே திறந்த மாதிரி இருந்தது. பூசிய மூன்றாம் நாள் துணி வெங்காயத் தோலாய் உரிந்து வந்துவிட்டது. கடைக்காரனிடம் போய்ச் சண்டை போட்டால், கலக்கத் தெரியாதவன் கையில கொடுத்தா இப்படித்தான் என்று அவன் எகிறுகிறான். நான் இரண்டு பேரையும் நம்பவில்லை. தம்பி மனசு விட்டுப்போய், மாதக் கடைசியில் படகை விறகாகப் பிளக்கப்போகிறேன் என்று கோடாலியைச் சாணை பிடித்து வைத்திருக்கிறான்.

நேற்று உரிந்த துணியை மோந்து பார்த்தேன். மீனெண்ணெய் வாடை. சுரண்டின மரம் வெயிலில் வெடித்துவிடுமே என்று, அவன் சாப்பிடப் போன நேரமாகப் பார்த்து துணி ஒட்டுவதற்கு முந்தின மூன்று நாளும் நான்தான் அந்த எண்ணெயைத் தடவினேன், வருஷா வருஷம் தடவுகிற கை சும்மா இருக்குமா? மரம் ஏம்ப்பா மினுக்குது என்று கேட்டான், நல்ல மரம் அப்படித்தான் இருக்கும் என்றேன். இதை எழுதும்போதே தையல்கார அம்மா ஒன்று சொல்கிறாள், தம்பி படகுக்கு இரண்டு திண்டு தைக்கக் கொடுத்திருக்கிறானாம், அதில் ஒன்று அம்மா காலை நீட்டி உட்கார நீளமாக வேண்டுமாம். விற்கிறவன் திண்டு தைப்பானா?

அவன் முகத்தைப் பார்த்து நான் எப்படிச் சொல்வேன்? போனில் பேசலாம் என்றால் அது எப்போதும் அவன் சட்டைப்பையில். நீ இது கிடைத்த அன்றே அவனைக் கூப்பிட்டு, பழைய மரத்தில் எண்ணெய் ஊறியிருக்குமாம், பெயிண்ட் கரைக்கிற தின்னர் போட்டுத் துடைத்து, மறுபடி தேய்த்து, நன்றாகக் காயவிட்டுப் பூச வேண்டுமாம் என்று யாரோ சொன்ன மாதிரி சொல். யார் தடவியது என்ற ஆராய்ச்சி வேண்டாம். கோடாலியை நான் நெல்லிக்காய் ஊறுகாய்ப் பரணில் ஒளித்துவிட்டேன், அதையும் சொல்லாதே.

மூவரும் நூறு வயசு நன்றாயிருங்கள். பிள்ளையைத் தண்ணீர்ப் பக்கம் தனியாக விடாதே. எழுதினதை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டேன், இந்த அம்மா நடுவில் ஏன் சிரித்தாள் என்று தெரியவில்லை. கீழே என் கைநாட்டு. முதலில் வைத்தது பதியவில்லை, மை கலப்படமோ என்று பார்த்தேன். காலையில் துடுப்புக்கு எண்ணெய் போட்ட விரல். துடைத்துவிட்டு மறுபடி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா